கோணேசபுரிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு: வன்முறை நடக்க முன்னும் நடந்த பின்னும்

திருகோணமலை அலஸ்தோட்டத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்து இரண்டு அறைகளையும் அம்மா, கோணேசபுரியில் இருக்கிற திருகோணமலை வளாகத்துக் கம்பஸ் பிள்ளைகளுக்கு வாடகைக்குக் கொடுக்கிறா. ஒவ்வொரு புதுப் பாட்ச் வரும்போதும் வாசலில் ஒரு வாளி, ஒரு சுருட்டிய பாய், வீட்டில் இடித்த மிளகாய்த்தூள் போத்தல் என்று ஒரு குடும்பமே வந்து இறங்கும். கிளிநொச்சி, மட்டக்களப்பு, அட்டன், மன்னார் என்று எல்லாப் பக்கமும் இருந்து வருவார்கள். "பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு அப்பாமார் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். அன்று இரவு அந்தப் பிள்ளைகளை இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, வன்முறை நடந்தால் என்ன செய்வது, யாரிடம் போவது என்று சில விசயங்கள் சொல்வேன். வருடாவருடம் வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் முதல் நாளே இதைச் சொல்லிப் பயப்படுத்துகிறாய் என்று அம்மா கேட்பா. எனக்கு ஒருவரும் சொல்லாததால்தான். நான் வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்தேன். முதல் வருடத்தில் எனக்கு ஒன்று நடந்தபோது யாரிடம் போவது என்று தெரியாமல் மூன்று நாள் விடுதிக் கட்டிலில் கிடந்தேன். நாலாம் நாள் பொறுப்பிலிருந்த ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த நேரத்தில நீ ஏன் அங்க போனனீ?" அதற்குப் பிறகு பட்டம் முடியும்வரை நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நெஞ்சு நடுங்கிக்கொண்டிருக்கும்போது வழி தேட முடியாது. ஒன்றும் நடக்காத நாளிலேயே வழியைத் தெரிந்து வைக்க வேண்டும்.

எதை வன்முறை என்கிறோம்

அலுவலகத் தாள்களில் இதைப் பால்நிலை சார்ந்த வன்முறை என்று எழுதுவார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் பிள்ளைகள் பாலியல் வல்லுறவை மட்டும் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் எவ்வளவோ இருக்கிறது. நிலாவெளி பஸ்ஸில் கூட்டத்தைச் சாட்டாக வைத்து உரசுவது. லெக்சர் ஹோல் வாசலில் நின்று உடம்பைப் பற்றிக் கொமெண்ட் அடிப்பது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் இரவிரவாக மெசேஜ் போடுவது. காதலித்தவன் போனைப் பறித்து யாரோடு கதைத்தாய் என்று பார்ப்பது, அறைவது, பிரிந்தால் படத்தைப் போடுவேன் என்று மிரட்டுவது. நடை பெண்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று ஒரு பையனைக் கூட்டத்துக்கு நடுவில் ஆடச் சொல்வது. எல்லாம் இதற்குள்தான் வரும். தம்பிமாருக்கும் இது நடக்கிறது. அவர்கள் வெளியே சொல்வது இன்னும் குறைவு.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் திருத்தப்பட்டபோது பாலியல் தொந்தரவைத் தனிக் குற்றமாக்கியது. கை வைத்தால்தான் குற்றம் என்றில்லை, சொல்லாலும் செயலாலும் செய்வதும் அதில் அடங்கும். ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம், நட்டஈடும் கட்டச் சொல்லலாம். "அவன் சும்மா பகிடிக்குச் சொன்னவன்" என்பதை அந்தப் பிரிவு கணக்கில் எடுப்பதில்லை.

வந்த முதல் கிழமை

புதுச் சிம் போட்ட கையோடு இந்த இலக்கங்களைப் பதியுங்கள். பொலிஸ் அவசர அழைப்பு 119. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எதிரான துஷ்பிரயோகங்களை அறிவிக்கப் பொலிஸ் பணியகத்தின் 109. மகளிர் விவகார அமைச்சின் உதவி இலக்கம் 1938. அம்புலன்ஸ் 1990. மனம் தாங்காமல் போகிற இரவுக்கு, தேசிய மனநல நிறுவனத்தின் 1926. போனில் மட்டும் வைத்தால் போதாது. போனையே பறித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வையுங்கள்.

அடுத்தது ஆட்களைத் தெரிந்துகொள்வது. திருகோணமலை வளாகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. இங்கே கோணேசபுரியில் வளாக முதல்வர், உபவேந்தர் இருப்பது வந்தாறுமூலையில். அதற்குக் கீழே உங்கள் பீடாதிபதி, மாணவர் ஆலோசகர்கள், விடுதிக் காப்பாளர், வளாக ஒழுங்கைப் பார்க்கிற மார்ஷல்மார் இருக்கிறார்கள். பால்நிலை சமத்துவத்துக்கென்று அரச பல்கலைக்கழகங்களில் தனி அலகுகளும் ஏற்படுத்தப்பட்டிருக்கின்றன. ஓரியண்டேஷன் நாளில் எல்லோரும் மேடையில் வரிசையாகப் பேசிவிட்டுப் போவார்கள், நீங்கள் தூங்கிவிடுவீர்கள். தூங்காமல் மூன்று பெயரை மட்டும் எழுதுங்கள்: உங்கள் பீடத்து மாணவர் ஆலோசகர் யார், ஆலோசகர்களில் பெண் யார், பால்நிலை அலகுக்குப் பொறுப்பானவர் யார். அவர்களுடைய அறை எங்கே என்று ஒருமுறை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கால் ஒருமுறை போன இடத்துக்குப் பயத்திலும் போகும்.

பட்டினத்திலிருந்து வகுப்புக்கு வருகிறவர்கள் பின்னேரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள். லாப் முடிந்து இருட்டுப்பட்டால் இரண்டு மூன்று பேராக வெளிக்கிடுங்கள். ஓட்டோவில் ஏறினால் இலக்கத் தகட்டைப் படமெடுத்துப் போர்டிங்கில் இருப்பவளுக்கு அனுப்புங்கள். இதையெல்லாம் செய்யாதவளுக்கு ஏதாவது நடந்தால் அது அவளுடைய பிழை ஆகாது. செய்தவனுடைய பிழைதான். ஆனால் பிழை யாருடையது என்று பேசுவது பிறகு. முதலில் நீங்கள் வீட்டுக்கு வந்து சேர வேண்டும்.

போர்டிங் எடுக்கிறவர்கள் முற்பணம் கொடுக்க முன் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, குளியலறை ஜன்னல் எங்கே பார்க்கிறது, வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரிடம் திறப்பு இருக்கிறது என்று பார்க்கவேண்டும். கேட்க வெட்கப்படாதீர்கள். எங்கள் அம்மாவிடம் இதைக் கேட்ட ஒரேயொரு பிள்ளை ஒரு மன்னார்ப் பிள்ளை. அவளைத்தான் அம்மாவுக்கு நல்லாய்ப் பிடித்தது.

பகிடிவதை

"அது பகிடிவதை இல்லையக்கா, சீனியர்மாரோட பழகிறது" என்று என்னிடமே சொல்கிறார்கள். 1975இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதையிலிருந்து (ராகிங்கிலிருந்து) தப்ப விடுதி மாடியிலிருந்து குதித்த ஒரு மாணவி இடுப்புக்குக் கீழே செயலிழந்து மீதி வாழ்நாள் முழுவதும் அப்படியே இருந்தார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழ் மாணவன் இறந்தான். அதற்கு அடுத்த வருடம் வந்ததுதான் 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் சட்டம்.

அந்தச் சட்டத்தில் பகிடிவதை என்றால் அடி உதை மட்டும் இல்லை. உடலுக்கோ மனதுக்கோ காயம், மனவேதனை, பயம் வரக்கூடிய எந்தச் செயலும் அதில் அடங்கும். இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பகிடிவதை செய்யும்போது பாலியல் தொந்தரவு செய்தாலோ கடுங்காயம் ஏற்படுத்தினாலோ பத்து வருடம் வரை. இதை நான் சொல்லும்போது பிள்ளைகளின் கண் விரியும். கெட்ட வார்த்தை சொல்லச் சொல்வது, உள்ளாடை பற்றிக் கேட்பது, இன்ன நிறத்தில்தான் உடுக்கவேண்டும், இன்ன மாதிரித்தான் தலை பின்னவேண்டும் என்று கட்டளை போடுவது எல்லாம் "ட்ரெடிஷன்" என்று சொல்லித்தரப்பட்டிருக்கும். பெண்பிள்ளைகளுக்கு இதைச் செய்விக்கிறவர்களில் சீனியர் அக்காமாரும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தாங்கமுடியாத விசயம். பட்டவர்களே திருப்பிச் செய்கிறார்கள்.

என்ன செய்யலாம்? தனியே கூப்பிட்டால் போகாதீர்கள். "இரவு பத்து மணிக்குக் கடற்கரைக்கு வா" என்று சொன்னால், கூட இருப்பவளிடம் சொல்லாமல் ஒரு அடியும் வைக்காதீர்கள். போன் இலக்கத்தையும் பேஸ்புக் கணக்கையும் எல்லோருக்கும் கொடுத்தேயாக வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. "வேண்டாம்" என்று சொன்னால் பாட்சை விட்டு ஒதுக்குவார்கள் என்ற பயம்தான் பெரியது, எனக்கும் இருந்தது. உண்மையில் ஒதுக்குகிறார்கள், சில மாதம். நூலகத்தில் நோட்ஸ் கிடைக்காது, கன்ரீனில் கூட இருக்க ஆள் வராது. அந்த மாதங்களில் உங்களோடு இன்னும் ஒருத்தி இருந்தால் தாங்கலாம். அதனால் முதல் கிழமையிலேயே ஒருத்தியோடு ஒப்பந்தம் செய்யுங்கள்: நீ போகாவிட்டால் நானும் போகமாட்டேன்.

புள்ளியைக் காட்டி மிரட்டினால்

விரிவுரையாளரோ ஊழியரோ புள்ளிக்கு, புரொஜெக்ட்டுக்கு, வருகைப் பதிவுக்குப் பதிலாக உடம்பைக் கேட்டால் அது தொந்தரவு மட்டுமில்லை, இலஞ்சமும்தான். 2023இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தைக் குற்றமாகச் சொல்கிறது. வளாகத்துக்குள் யாரிடமும் சொல்லப் பயமாக இருந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954க்கு நேரடியாக எடுக்கலாம். அந்த விரிவுரையாளர் தனியே அறைக்குக் கூப்பிட்டால் நண்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள், கதவைத் திறந்தபடி விடுங்கள், "சேர், எனக்கு விளங்கவில்லை, ஈமெயிலில் அனுப்புங்கோ" என்று சொல்லி எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். வாயால் கேட்கத் துணிகிறவர்கள் எழுத்தில் கேட்கத் துணிவதில்லை. துணிந்தால் அது உங்கள் கையில் ஆதாரம்.

போனுக்குள்

மிரட்டல் மெசேஜ் வந்தவுடன் கை தானாக டிலீற்றைத் தேடும். அழிக்காதீர்கள், புளொக்கும் உடனே செய்யாதீர்கள். திகதி, நேரம், அனுப்பியவரின் இலக்கம் அல்லது கணக்கு முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, நம்பிக்கையான இன்னொருவருக்கு அனுப்பிவிட்டுப் பிறகு புளொக் செய்யுங்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் அவன் மறுபடியும் கேட்பான்.

படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினால் ஸ்டொப் என்சிஐஐ (StopNCII.org) என்ற இணையத்தளம் இருக்கிறது, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. படத்தை அங்கே ஏற்றவேண்டியதில்லை. உங்கள் போனிலேயே படத்துக்கு ஒரு இலக்கக் குறியீடு உருவாகும், அந்தக் குறியீடு மட்டும்தான் போகும். அதை வைத்துப் பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்றவை அந்தப் படம் பரவாமல் பிடிக்கின்றன. நம் நாட்டில் இணையத்தில் இப்படிச் சிக்கிய பெண்களுக்கு ஹிதவதி என்ற சேவையும் உதவுகிறது.

நடந்துவிட்டால்: முதல் 72 மணித்தியாலம்

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒரு சனிக்கிழமை விடிய, எங்கள் கிணற்றடியில் தண்ணி அள்ளி ஊற்றும் சத்தம் கேட்டது. விடாமல் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஒரு பிள்ளை உடுத்த உடுப்போடு வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்தேன். "இன்னும் போகேல்லை அக்கா" என்றாள். எனக்கு விளங்கிவிட்டது. அவளைத் துவாயால் சுற்றி இருத்தினேன். குளித்துவிட்டாளே, இனி ஆதாரம் ஒன்றும் இருக்காதே என்று என் மனம் அடித்துக்கொண்டது. வைத்தியசாலையில் அப்படி இல்லை என்று சொன்னார்கள். குளித்த பிறகும் காயங்கள் இருக்கும், முதல்நாள் கழற்றிப் போட்ட உடுப்பு இருக்கும். குளித்துவிட்டோம் என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

முடிந்தால் குளிக்காமல், உடுப்பு மாற்றாமல், வாய் கழுவாமல் போவது நல்லது. மாற்றிவிட்டால் அந்த உடுப்பைத் துவைக்காமல் கடதாசிப் பையில் போடுங்கள். பொலித்தீன் பையில் ஈரம் பிடித்து எல்லாம் பழுதாகும். பழைய பேப்பரில் சுற்றினாலும் போதும்.

பிறகு வைத்தியசாலை. 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும், பணம் இல்லை. திருகோணமலைப் பட்டினத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. பெரிய அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கென்று 'நட்பு நிலையம்' என்ற பிரிவுகளைச் சுகாதார அமைச்சு நடத்துகிறது. சிங்களத்தில் மித்துரு பியச என்பார்கள். வெளிநோயாளர் பிரிவில் எல்லோர் முன்னாலும் கதை சொல்ல வேண்டாம். "நட்பு நிலையத்துக்குப் போகவேண்டும்" அல்லது "பெண் டொக்டரோடு தனியே கதைக்கவேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

72 மணித்தியாலத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் மருந்து. கர்ப்பம் தரிக்காமலிருக்க எடுக்கும் அவசர மாத்திரையை அந்த நேரத்துக்குள், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக எடுக்கவேண்டும். எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மருந்தையும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும், 28 நாள் தொடர்ந்து எடுக்கவேண்டும். இந்தச் சிகிச்சைக்கு முன்னால் பொலிஸில் முறைப்பாடு செய்திருக்க வேண்டும் என்றில்லை. முறைப்பாடு செய்வதா என்று நீங்கள் பிறகு யோசிக்கலாம். மருந்து விசயத்தில் "பிறகு" என்பது கிடையாது.

பொலிஸுக்குப் போவதென்றால் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை நடக்கும், அதற்கான படிவத்தைப் பொலிஸ்தான் கொடுக்கும். உங்கள் சம்மதம் இல்லாமல் தொடக்கூடாது. பரிசோதனைக்கு நடுவிலும் "நிறுத்துங்கோ" என்று சொல்லலாம். பெண் தாதி ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று கேளுங்கள்.

இதற்கிடையில் ஒரு கொப்பித் தாளில் நடந்ததை எழுதுங்கள். எத்தனை மணி, எந்த இடம், யார் யார் இருந்தார்கள், அவன் என்ன சொன்னான், நீங்கள் என்ன சொன்னீர்கள். ஒழுங்காக வராது, முன்னுக்குப் பின் வரும். வரட்டும். கீழே திகதி போட்டுக் கையெழுத்திடுங்கள். பயத்தில் நினைவு துண்டு துண்டாக இருப்பது இயல்பு. அதைப் பொய் என்று சொல்ல ஒருவருக்கும் இடம் கொடாதீர்கள்.

உங்களிடம் ஒருத்தி வந்து சொன்னால்

இதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமான பகுதி, ஏனென்றால் அநேகமான பிள்ளைகள் முதலில் சொல்வது பொலிஸுக்கோ காப்பாளருக்கோ இல்லை, பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவளுக்கு.

"ஏன் போனனீ, ஏன் கத்தேல்லை, ஏன் இப்பதான் சொல்றாய்" என்ற மூன்றையும் கேட்காதீர்கள். உடம்பு பயத்தில் விறைத்துப் போகும், குரல் வராது. "நான் உன்னை நம்புறன்" என்று சொல்லுங்கள். "இதில உன்ர பிழை ஒன்றுமில்லை" என்று சொல்லுங்கள். பிறகு, "இப்ப உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் அரை மணித்தியாலம் இருந்தாலும் இருங்கள். முடிவு அவளுடையது. அவளைக் கேட்காமல் அம்மாவுக்குப் போன் எடுக்க வேண்டாம், பாட்ச் வட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம், அவனைத் தேடிப் போய் அடிக்க வேண்டாம். தம்பிமாருக்குக் கடைசியாகச் சொன்னதை இரண்டு முறை சொல்கிறேன். நீங்கள் அடித்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும், அவளுடைய கதை பின்னுக்குப் போய்விடும்.

பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது தண்டனைச் சட்டக் கோவைப்படி தனிக் குற்றம். அனுதாபத்தில் அவள் படத்தைப் போட்டு "நீதி வேண்டும்" என்று எழுதுவதும் அதற்குள் வரும்.

தற்கொலை பற்றிக் கதைத்தால் அவளைத் தனியே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். 1926க்கு நீங்களே எடுத்துப் போனை அவள் கையில் கொடுங்கள்.

முறைப்பாடு

மூன்று வாசல் இருக்கிறது. ஒன்றைத் தட்டினால் மற்றது மூடாது.

வளாகத்துக்குள் என்றால் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்ன முறைப்பாடு காற்றோடு போய்விடும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகத் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். உள்ளே அசைவில்லை என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு நேரடியாக எழுதலாம்.

பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பிரிவைக் கேளுங்கள். பெண் உத்தியோகத்தரிடம் சொல்லலாம். தமிழில் சொல்லுங்கள், தமிழில் எழுதச் சொல்லுங்கள். கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, இது சலுகை இல்லை. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்காதீர்கள். "இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சமாதானமாக்கிவிடுவோம், பிள்ளையின்ர எதிர்காலம்" என்று யாராவது தொடங்கினால், "முறைப்பாட்டைப் பதியுங்கோ" என்ற ஒரே வசனத்தைத் திரும்பச் சொல்லுங்கள். வெளியே வர முன் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள்.

மூன்றாவது, வெளியே இருந்து தாங்குகிறவர்கள். வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பிரதேச செயலகங்களில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பார். பொலிஸோ பல்கலைக்கழகமோ கடமையைச் செய்யவில்லை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு, இலக்கம் 1996. அங்கே ஒரு மாதத்துக்குள் போவது முக்கியம், ஏனென்றால் அடிப்படை உரிமை மனுவுக்கு உயர் நீதிமன்றம் வைத்திருக்கும் காலம் ஒரு மாதம்தான். அதற்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால் விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

முறைப்பாடு கொடுத்த பிறகு அவனுடைய நண்பர்கள் வந்து கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள், ஊரில் உங்கள் அப்பாவைத் தேடிப் போவார்கள். சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் பாதுகாக்க 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மிரட்டுவது அந்தச் சட்டத்தில் குற்றம். ஒவ்வொரு மிரட்டலையும் அதே கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். அவனோடு ஒரே வகுப்பில், ஒரே பரீட்சை மண்டபத்தில் இருக்கவேண்டி வந்தால் இடம் மாற்றித் தரும்படி பீடாதிபதிக்கு எழுதிக் கேளுங்கள். பரீட்சை எழுத முடியாத நிலை என்றால் மருத்துவச் சான்றிதழை உரிய நாளுக்குள் ஒப்படையுங்கள். வழக்குக்காக ஒரு வருடத்தை இழக்கவேண்டியதில்லை.

கிணற்றடியில் நின்ற அந்தப் பிள்ளை முறைப்பாடு செய்யவில்லை. வைத்தியசாலைக்கு வந்தாள், 28 நாளும் மருந்தை எடுத்தாள். காலை எட்டு மணிக்கு அம்மா இடியப்பத்தோடு மாத்திரையையும் வைத்துக் கொடுப்பா. எழுதிய தாளை மடித்து என்னிடம் தந்து, "வைச்சிருங்கோ அக்கா, நான் கேட்டால் தாங்கோ" என்றாள். இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது. அவள் இப்போது மூன்றாம் வருடம். போன கிழமை வந்த புதுப் பிள்ளைகளுக்கு இலக்கங்களைத் துண்டில் எழுதிக் கொடுத்தது அவள்தான்.